நாலு கூரை போட்ட மேஸ்திரி

மரக்காணம் பேருந்து நிலையத்தில் நின்று சிவஞானம் மேஸ்திரி இருமினால், புதுச்சேரி பஸ்ஸில் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். அவரைப் பற்றி ஊரில் வியந்து சொல்ல அந்தத் தொண்டை ஒன்றுதான் உண்டு. உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதரிடம் சொல்லிக்கொள்ள எத்தனையோ இருக்கலாம். இவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் குரல், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுதும் தெரிந்த மாதிரி பேசுகிற தைரியம், அவ்வளவுதான். இரண்டு பேனாவில் ஒன்று எழுதாது.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிடிக்காத ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டே நடுநிலையாக எழுதுவதாகப் பாசாங்கு செய்ய எனக்கு வராது.

என் பெயர் தெய்வசிகாமணி. மரக்காணத்தில் ஒரு கூட்டுறவு நகர வங்கியில் கவுன்ட்டர் கிளார்க்காக இருந்தேன். வங்கியின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. அதன் தகரப் பலகையை யாரோ கோழிக் கூண்டுக்கு மேலே போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்தப் பலகை உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். திண்டிவனத்தில் தலைமை அலுவலகமும் ஒரு கிளையும், மரக்காணம், கோட்டக்குப்பம், குயிலாப்பாளையம் என்று மற்ற மூன்று கிளைகளும் இருந்தன. அரசு வங்கிகள் ஆறு வட்டி கொடுக்கவே யோசித்த காலத்தில் நாங்கள் ஒன்பது கொடுத்தோம். எங்கிருந்து கொடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இயக்குநர்கள் தங்கள் மச்சான்களுக்குக் கடன் கொடுப்பதையும், மச்சான்கள் அதைத் திருப்பித் தராததையும், புதிதாக வருகிற டெபாசிட்டை எடுத்துப் பழைய டெபாசிட்டுக்கு வட்டி போடுவதையும் நான் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

சிவஞானம் மேற்கே நாலு மைல் தள்ளி மணிலாக்கொட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலை விளையும் ஒரு காட்டு ஊரில் பிறந்தவர். அப்பன் இருந்த ஒரு காணியையும் கடனுக்கு விட்ட பிறகு, பதினாறு வயதில் அக்கா கொளஞ்சியம்மாளோடு உப்பளத்துக்குக் கூடை சுமக்க வந்தார். அக்கா கூடையைக் கடைசி வரை இறக்கவில்லை. தம்பி இரண்டே வருடத்தில் இறக்கிவிட்டார். காரணம், அவருக்கு எண் எழுதத் தெரியும். பாத்தியில் வாரிய உப்பைப் பெண்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து மேட்டில் கொட்டும்போது, கூடைக்கு ஒரு கோடு நோட்டில் போடுகிற வேலை கிடைத்தது. அப்புறம் மேஸ்திரி. அப்புறம் வெள்ளைச் சட்டை.

அவர் சொத்து சேர்த்த விதம் ஊருக்கே தெரியும். இருபத்தைந்து கூடைக்கு ஒரு கூடை ‘உடைசல்’ என்று கழிப்பார். முட்டை உடையும், பானை உடையும். உப்பு எப்படி உடையும் என்று எந்தப் பெண்ணும் கேட்கவில்லை. கேட்டால் மறுநாள் வேலை இல்லை. சொந்த அக்கா சுமந்த கூடையிலும் உடைசல் கழித்தார். அக்காவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று யாரும் பேசிவிடக் கூடாதாம். இதை அவரே டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அதே உப்பளத்தில் பிழைப்பவர்கள்தான்.

வீட்டில் சுலோசனா என்று ஒரு மனைவி. நல்ல பெண்மணி என்கிறார்கள். அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து யாரும் கேட்டதில்லை என்பதால் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை மேஸ்திரி பணம் சேர்ப்பதிலும், சேர்த்ததைப் பற்றிப் பேசுவதிலும் தீர்த்துக்கொண்டார்.

எங்கள் கிளையில் மேனேஜர் அறை வாசலில் பஞ்சு வைத்த நாற்காலி ஒன்று உண்டு. மூன்று லட்சத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மட்டும்தான் அது. அதில் உட்கார்ந்தால் எதிர்க் கடையிலிருந்து காபி வரும், வருடம் பிறந்தால் டைரி வரும். மேஸ்திரிக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். அவரிடம் இருந்தது இரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். மரக்கட்டை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அந்த நாற்காலியை அவர் பார்க்கிற பார்வையை நான் தினமும் கவுன்ட்டரிலிருந்து பார்ப்பேன். எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

நாற்காலிக்குக் குறைந்த பணம் அவர் அக்காவிடம் இருந்தது.

கொளஞ்சியம்மாளைப் பற்றி எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் புருஷன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போகும்போது லாரி அடித்துச் செத்தவர். லாரிக்காரன் பஞ்சாயத்தில் கொடுத்த ஐம்பதாயிரத்தோடு, உடைசல் போக மிச்சமான கூலியில் இருபத்தாறு வருடம் ஒதுக்கியதும் சேர்த்து எண்பதாயிரம் ஆகியிருந்தது. அவர் குடிசை நின்றது மூன்று சென்ட் மனையில். மனை, சவுக்குத் தோப்பு வைத்திருந்த கலியபெருமாளுடையது. சாலை ஓரத்தில் சென்னைக்காரர்கள் ரிசார்ட்டுக்கு நிலம் தேட ஆரம்பித்திருந்த நேரம். இருந்தாலும் கலியபெருமாள் ஒரு வார்த்தை கொடுத்தார். எண்பதாயிரம் விலை, இரண்டாயிரம் அட்வான்ஸ், மிச்சத்தை 2006 சித்திரைக்குள் கட்டினால் கொளஞ்சியம்மாள் பேரில் பத்திரம். கலியபெருமாளின் மகன் வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் வருவான். அவன் கையெழுத்தும் வேண்டும். சித்திரை தாண்டினால் பேச்சு முடிந்தது.

ஆக, கையில் எழுபத்தெட்டாயிரம், இரண்டு வருட அவகாசம். அந்தப் பணத்தைத் தன் பெயரில் வங்கியில் போட்டால் வருகிற வட்டி பத்திரச் செலவுக்கு ஆகும் என்று கொளஞ்சியம்மாளுக்குத் தெரிந்திருந்தது. தம்பிதான் தடுத்தார்.

“ஒம்பேர்ல போட்டா போட்டோ கேப்பான், ரேஷன் கார்டு கேப்பான், பத்து தடவ நடக்க உடுவான். கைநாட்டு வெக்கிற பொம்பளைய எவன்க்கா மதிக்கிறான்? எம்பேர்ல போட்டா ஒரே வேலை. சித்திரைல வட்டியோட எண்ணி வாங்கிக்க.”

நாங்கள் போட்டோவும் ரேஷன் கார்டும் கேட்போம் என்பது உண்மை. பத்துத் தடவை நடக்க விட மாட்டோம். மூன்று தடவை விடுவோம்.

2004 ஜூன் மாதம், உப்பு வாருகிற கடும் வெயில் காலம். மேஸ்திரி காலை பதினொரு மணிக்கு உள்ளே வந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையைக் கவுன்ட்டரில் வைத்தார். பிரித்தால் பத்தும் ஐம்பதும் நூறும், தொட்டால் விரலில் பிசுபிசுக்கிற நோட்டுகள். மேஸ்திரியின் நோட்டுகள் எப்போதும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். இவை வேறு யாருடையதோ என்று என் விரலுக்குத் தெரிந்தது. கூலிக்காரிகளிடம் அடித்த உடைசல் பணம் என்று நினைத்துக்கொண்டேன். எழுபத்தெட்டாயிரம் இருந்தது.

“ஏம்பா கிளார்க்கு, நாலு டெபாசிட் பாரம் எடு.”

“நாலு எதுக்கு மேஸ்திரி?”

“ரெண்டாயிரத்து எட்டுநூறு சம்பளம் வாங்குறவன் கேள்வி கேக்கக் கூடாது. எடு.”

ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பாரங்களை எடுத்தேன்.

மேஸ்திரி பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி சொல்லப்போவது ஊருக்கே.

“உப்பு அம்பாரம் எப்படிப் போடுறோம்? வாருன உப்பெல்லாம் ஒரே குவியலா கொட்டுறோமா? நாலா பிரிச்சி, ஒவ்வொண்ணுக்கும் தனியா ஓலைக் கூரை போடுறோம். மழையில ஒரு கூரை பிச்சிக்கிட்டாலும் மூணு குவியல் நிக்கும். பேங்கும் அதே கதைதான். செவுத்துல பாருங்க, எழுதியே ஒட்டிருக்குது. பேங்கு முழுவுனா ஒரு லட்சம் வரைக்கும் காப்பீடு. அசலும் வட்டியும் சேத்து ஒரு லட்சம். அதனாலதான் ஒவ்வொண்ணுலயும் எண்பத்து நாலாயிரம் போடுறேன். முழுசா ரெண்டு வருசம் கெடந்தாலும் வட்டி பதினஞ்சாயிரத்து நூத்து இருபது. எல்லாம் லட்சத்துக்குள்ள அடங்கிடும். நாலு கிளையில நாலு டெபாசிட்டு. நாலு கூரை. இது ஒங்க மேனேஜருக்கே தோணாது.”

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் அவமானம். அசலோடு வட்டியும் சேர்ந்துதான் அந்த ஒரு லட்சம் என்று படித்தவர்களுக்கே தெரியாத நாளில், இந்த மனிதர் வட்டிக்கு இடம் விட்டு அசலைப் போட்டார். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் நாலு வரிகள். அவர் படித்தது முதல் இரண்டு. மூன்றாவது, நான்காவது வரிகளின் மேல் அரிசி மண்டிக்காரன் கொடுத்த காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே பெயரில் ஒரே வங்கியில் எத்தனை கிளையில் எத்தனை ரசீது இருந்தாலும், எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஒரு லட்சம்தான் என்று அந்த வரிகள் சொல்லின. குவியலுக்கு ஒரு கூரை கிடையாது. ஆளுக்கு ஒரு கூரை. நாலு குவியலையும் நாலு வேறு வங்கிகளில் போட்டிருந்தால் அவர் சொன்னது நடந்திருக்கும். நாலு வேறு ஆட்கள் பெயரில் போட்டிருந்தாலும் நடந்திருக்கும்.

எனக்கு இது தெரியும். திண்டிவனத்தில் அரை நாள் பயிற்சி கொடுத்து, பிரிஞ்சி சாப்பாடு போட்டு, இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் எழுந்து காலண்டரை ஆணியிலிருந்து கழற்றியிருக்கலாம். மூன்று எட்டு வைத்தால் போதும்.

கழற்றவில்லை. இவ்வளவு சத்தமாக ஒருவன் முட்டாளாகும்போது குறுக்கே போவது பாவம் என்று தோன்றியது. பாரங்களை என் கையெழுத்தில், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். நாலிலும் ஒரே பெயர். எழுபத்தெட்டாயிரத்தையும் எங்களிடம் ஏற்கெனவே இருந்த அவருடைய இரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்தையும் சேர்த்து மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம். நாலு எண்பத்து நாலு.

“நல்ல யோசனைங்க மேஸ்திரி,” என்று சொல்லிச் சிரித்தேன்.

வாசல் படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்கள். நான் சிரித்ததை அவர் பார்த்தார். யார், என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கவுன்ட்டருக்கு வராதவர்களைக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மேஸ்திரி நேரே போய்ப் பஞ்சு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வந்தது.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. பாத்திகளில் சேறு நின்றது. செத்தவர்கள் குப்பத்துக்காரர்கள், பலன் அடைந்தவர்கள் எங்கள் இயக்குநர்களின் மச்சான்கள். கடன் கட்டாத அத்தனை பேரும் அலையைக் கைகாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேருக்குக் கடலிலிருந்து இருபது மைல் தள்ளி அரிசி ஆலை. அலை அங்கே எப்படிப் போனது என்று தலைமை அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

2005 ஜூனில் ரிசர்வ் வங்கியின் உத்தரவு வந்தது. ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது, புதிய டெபாசிட் வாங்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கே வாசலில் கூட்டம். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். மேனேஜர் பின்வாசல் வழியாகப் போனவர் போனவர்தான். நான் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, இவ்வளவு நாள் ஒன்பது வட்டி இனித்தது, இப்போது கசக்கிறதோ என்று மனதுக்குள் அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் கலங்காமல் நின்றவர் மேஸ்திரி ஒருவர்தான். பஸ் நிலையத்துப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த சின்னப்பாப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு அறுபத்து நாலாயிரம் இருந்தது.

“அழுவாத. கூரை இல்லாதவன்தான் நனைவான்,” என்றார் மேஸ்திரி. “எனக்கு நாலு கூரை இருக்குது. ஒனக்கும் சின்னதா ஒண்ணு இருக்குது, போ.”

சின்னப்பாப்பாவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. இட்லிக்கார அம்மாளுக்கு வட்டியோடு ஒரு காசு குறையாமல் வந்து சேர்ந்தது.

நவம்பரில் லைசென்ஸை ரத்து செய்தார்கள். அந்த மழையை மரக்காணத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரை போட்ட அம்பாரங்களே பாதி கரைந்து ஓடின. கணக்கை மூடுவதற்குத் திண்டிவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காப்பீடு என்று பட்டியல் போட அவருக்கு ஆள் வேண்டும். ஊரில் அத்தனை பேர் கணக்கும் தெரிந்தவன் நான். தினக்கூலிக்கு என்னை வைத்துக்கொண்டார்.

ரத்தான தேதி வரைக்கும் வட்டி போட வேண்டும். பதினேழு மாத வட்டி. எண்பத்து நாலாயிரத்துக்குப் பத்தாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். நாலு கிளைப் பேரேட்டையும் ஒரே மேஜையில் விரித்து, சிவஞானம் என்ற பெயருக்கு எதிரே நாலு தொகையையும் வரிசையாக எழுதினேன். கூட்டினால் மூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. கடைசிக் கட்டத்தில், கிடைக்கும் தொகை ஒரு லட்சம் என்று எழுதினேன். மிச்சம் எப்போதாவது வங்கியின் சொத்தை விற்றால் வரலாம். வங்கியின் சொத்து பத்து மேஜையும் ஒரு பஞ்சு நாற்காலியும். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு லட்சத்தை எழுதும்போது எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

2006 பிப்ரவரியில் பட்டியலை வாசலில் ஒட்டினோம். மேஸ்திரி வந்து படித்தார். திரும்பவும் படித்தார். எழுதாத பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஏதோ கூட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவர் குரல் வாசலைத் தாண்டவில்லை.

“தப்பா போட்டிருக்குதுப்பா. நாலு இருக்குது.”

“நாலும் ஒண்ணுதாங்க மேஸ்திரி. காலண்டருக்குப் பின்னால எழுதியிருந்துச்சி,” என்றேன். இரண்டு வருடம் வைத்திருந்த வாக்கியம் அது. நன்றாகவே வந்தது.

மறுநாள் காலையில் ஒரு பெண் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, பட்டியலில் கொளஞ்சியம்மாள் என்று ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

“இல்லையேம்மா. ரசீது இருக்குதா?”

“ரசீது தம்பிகிட்ட இருக்குது சார். நாலாவது கூரை ஒன்னோடதுன்னு தம்பி சொன்னான். எழுபத்தெட்டாயிரம். மஞ்சத் துணியில கட்டிக் குடுத்தேன்.”

எனக்கு விரலில் அந்தப் பிசுபிசுப்பு வந்தது. உட்காரச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னேன், ஏனென்றால் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. அவர் பெயரில் தனியாக இருந்திருந்தால் எழுபத்தெட்டாயிரமும் வட்டி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சமும் சேர்ந்து எண்பத்தேழாயிரத்துக்கு மேல் முழுதாக வந்திருக்கும். லட்சத்தைத் தாண்டவே இல்லை. இப்போது தம்பி பெயரில் ஒரே ஒரு லட்சம், அதில்தான் எல்லாம்.

“அப்ப மனை?” என்று கேட்டார்.

நான் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். பணம் யாருடையதோ தனக்குத் தெரியாது, பெயர் யாருடையதோ அவருக்குத்தான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பங்குனிக் கடைசியில் காப்பீட்டுப் பணம் வந்தது. அன்று மாலையே நான் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு நான் போனது அந்த ஒரு தடவைதான். கொளஞ்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சுலோசனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா பணத்த மொதல்ல குடுத்துடுங்க மேஸ்திரி. சித்திரை முடிய இன்னும் நாள் இருக்குது,” என்றேன்.

“வந்தது எம்பேருக்கு,” என்றார். “நஷ்டம்னா எல்லாருக்கும் நஷ்டம். மூணு முப்பத்தாறுல அக்காவுது எழுபத்தெட்டு. லட்சத்துல அந்தப் பங்கு இருபத்து மூவாயிரத்து இருநூத்துப் பதினாலு. திண்டிவனத்துக்கு நாலு தடவ பஸ்சுல போயி வந்தேன். அத கழிச்சிட்டு இருபத்து மூணு குடுத்துட்டேன்.”

இந்த மனிதர் அக்காவின் மனையிலும் உடைசல் கழித்துவிட்டார். என் வாழ்நாளில் ஒருவரை அவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை.

“நீங்கல்லாம் மனுசனாங்க?” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். குரல் ஏறவில்லை.

“நாலு பாரமும் நீதானப்பா எழுதுன. ஒனக்குத் தெரியும்ல?”

சுலோசனா கதவிலிருந்து கையை எடுத்தார்.

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாருங்க,” என்றார். நான் கேட்ட ஒரே முழு வாக்கியம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பஸ் எதுவும் இல்லை. என் வீடு அடுத்த தெரு.

சித்திரை முடிந்தது. கலியபெருமாளின் மகன் வந்து, சென்னைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். வாக்குத் தவறியது கலியபெருமாள் இல்லை. அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. மூன்று சென்ட்டைச் சுற்றி வெள்ளையடித்த கல் நட்டார்கள். வைகாசி முதல் வாரத்தில் நான் ஐந்தாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கடன் வாங்கிய பணம். தினக்கூலியும் நின்றிருந்தது.

கொளஞ்சியம்மாள் குடிசைக் கூரையிலிருந்து கீற்றை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பி வீட்டுப் பின்பக்கம் உப்புச் சாக்கு போடுகிற கொட்டகையில் இடம் கொடுத்திருக்கிறாராம். கூரை மட்டும் சரியில்லை, இந்தக் கீற்றைக் கொண்டுபோய் அங்கே வேய வேண்டும் என்றார்.

கவரை நீட்டினேன்.

“இது எதுக்கு சார்?”

நான் சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். காலண்டரைப் பற்றிச் சொன்னேன். பணம் அவருடையது என்று தெரியாது, மேஸ்திரியுடையது என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். அதைச் சொன்னால் ஏதோ குறையும் என்று நினைத்தேன்.

அவர் கவரை வாங்கவில்லை. கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தார்.

“நான் அன்னைக்கு வாசல்லயே நின்னேன் சார். தம்பி பேசுனது எதுவும் எனக்குப் புரியல. அவன் பேச்ச எப்பவும் நான் நம்பறதில்ல. எனக்குத் தெரியாதா அவன. குடுத்தது சரியா தப்பா, உள்ள வந்து பணத்தத் திருப்பிக் கேட்டுடலாமான்னுதான் நின்னுட்டு இருந்தேன். அப்பதான் நீங்க சிரிச்சீங்க. பேங்குக்காரரே சிரிக்கிறாரு, நல்ல எடத்துலதான் போடுறோம்னு நெனச்சிட்டுப் போயிட்டேன்.”

சொல்லிவிட்டு அடுத்த கீற்றை இறக்கினார். நான் கவரைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே கிடந்த கீற்றுகளை எடுத்து அடுக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.